ஃபீஸ் கிடையாது, சீட் உண்டு... ஆனாலும் திருநர் மாணவர்கள் கல்லூரிக்குள் வர முடியாமல் போவது ஏன்?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் எல்லாச் செய்தித் தளங்களிலும் ஒரு புள்ளிவிவரப் பெட்டி இருக்கும். தேர்வு எழுதிய மாணவர்கள் இத்தனை லட்சம், மாணவிகள் இத்தனை லட்சம். அதற்குக் கீழே ஒரு வரி: மூன்றாம் பாலினத்தவர், ஒருவர்.

தமிழ்நாட்டில் 2023-ல் ஒருவர். 2024-லும் ஒருவர்தான். ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வு அது. அந்த ஒருவர் பாஸ் ஆனதும் கேமராக்கள் வந்தன, பொன்னாடைகள் வந்தன, வாழ்த்துகள் குவிந்தன. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஒற்றை இலக்கம் எழுப்பும் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மற்றவர்கள் எங்கே?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்ற இரண்டுக்கும் வெளியே தங்களைப் பதிவு செய்தவர்கள் இந்தியா முழுக்க 4,87,803 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 22,364 பேர். அப்போது நாட்டின் மொத்த எழுத்தறிவு விகிதம் சுமார் 74 சதவீதம். இவர்களிடையே சுமார் 56 சதவீதம். ஆக, ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போகும் வழியில்தான் காணாமல் போகிறார்கள், அல்லது இருந்தும் கண்ணில் படாமல் இருக்கிறார்கள்.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. திருநர் மாணவர்களுக்கு உயர்கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு இருக்கிறது. உதவித்தொகை இருக்கிறது. பாகுபாடு கூடாது என்று சட்டமும் இருக்கிறது. அப்புறம் எங்கேதான் இடிக்கிறது?

முதலில் சில சொற்கள்

பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினமும், தான் உணரும் பாலினமும் வேறு வேறாக இருப்பவர்களுக்கான பொதுச்சொல் ‘திருநர்’. ஆணாகக் குறிக்கப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண்ணாகக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. ‘மூன்றாம் பாலினம்’ என்பது அரசுப் படிவங்களில் அதிகம் புழங்கும் சொல். எல்லாத் திருநரும் அப்படித் தங்களைச் சொல்லிக்கொள்வதில்லை. திருநங்கைகளில் பலர் ‘நான் பெண்’ என்பார்கள், திருநம்பிகளில் பலர் ‘நான் ஆண்’ என்பார்கள். இந்த வித்தியாசம் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது பெரிதாகத் தெரியவரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் ‘நால்சா’ வழக்கில் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. ஒருவர் தன் பாலினத்தைத் தானே அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமையை அது அங்கீகரித்தது. திருநரைச் சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கிய வகுப்பினராகக் கருதி, கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் இட ஒதுக்கீடு வழங்கவும் மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டில், விண்ணப்பங்களில் திருநருக்குத் தனி இடம் விடும்படி பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது.

அடுத்து வந்தது 2019-ம் ஆண்டு திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம், கல்வி நிறுவனங்கள் திருநரைச் சேர்க்க மறுப்பதையும், பாதியில் நிறுத்துவதையும், பாகுபாட்டோடு நடத்துவதையும் தடை செய்தது. ஒவ்வொரு நிறுவனமும் புகார்களைக் கவனிக்க ஒரு அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும் சொன்னது.

தமிழ்நாட்டில் இன்னொரு தீர்ப்பும் முக்கியம். 2021 ஜூனில், காவல்துறைத் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டு வந்த ஒரு தன்பாலினத் தம்பதியின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் கல்வி நிறுவனங்களுக்கும் வழிகாட்டுதல்கள் தந்தார். பாலினப் பொதுக் கழிவறை வேண்டும். சேர்க்கை விண்ணப்பங்களிலும் நுழைவுத் தேர்வுப் படிவங்களிலும் திருநர் என்ற பிரிவு வேண்டும். கல்விச் சான்றிதழ்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற வழி வேண்டும். பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. சிக்கல் தொடங்குவதும் காகிதத்தில்தான்.

விண்ணப்பத்தில் எங்கே சிக்குகிறது?

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சிற்றூரில் பிளஸ் டூ முடித்த ஒரு திருநங்கை. வயது பதினேழரை. பள்ளிப் பதிவேட்டில் ஆண். ஆதாரில் ஆண். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் வீட்டில் வைத்த பெயர்.

இவர் அரசுக் கலைக் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிறார். பாலினம் என்ற இடத்தில் ‘திருநர்’ என்ற தேர்வு இருக்கிறது. அதை அழுத்தினால், சான்றிதழ் சரிபார்ப்பில் கேள்வி வரும்: “என்னம்மா, சர்டிஃபிகேட்ல எல்லாம் பையன்னு போட்டிருக்கு?” அழுத்தாமல் ‘ஆண்’ என்று போட்டால், அடுத்த மூன்று ஆண்டுகள் ஆணாகவே வகுப்பில் உட்கார வேண்டும். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். பட்டச் சான்றிதழிலும் அதுவே அச்சாகும்.

சரி, முன்கூட்டியே ஆவணங்களை மாற்றிவிட்டால் என்ன? இங்கேதான் சட்டத்தின் ஒரு சின்ன வரி பெரிய சுவராக நிற்கிறது. 18 வயது நிறைவடையாதவர்களுக்கு அடையாளச் சான்றிதழ் வேண்டுமென்றால், பெற்றோர் அல்லது பாதுகாவலர்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் டூ படிக்கும் பெரும்பாலானவர்களின் வயது 16 அல்லது 17. வீட்டில் சொன்னாலே அடி விழும் என்று பயந்து வாழும் பிள்ளை, ‘எனக்காக மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம் போடுங்கப்பா’ என்று எப்படிக் கேட்கும்?

பிளஸ் டூ பட்டியலில் ‘ஒருவர்’ என்று வருவதன் ரகசியம் பெருமளவு இதுதான். அந்த எண், பள்ளியில் இருக்கும் திருநர் எத்தனை பேர் என்பதைக் காட்டவில்லை. அதை எழுத்தில் சொல்ல முடிந்தவர் எத்தனை பேர் என்பதைத்தான் காட்டுகிறது.

18 ஆனதும் மாற்றிவிடலாமே?

மாற்றலாம். 2020-ல் வந்த விதிகள், மாவட்ட ஆட்சியரிடம் சுய உறுதிமொழியோடு விண்ணப்பித்தால் 30 நாள்களுக்குள் அடையாளச் சான்றிதழ் தர வேண்டும் என்றன. இதற்குத் தேசிய இணையதளமும் 2020 நவம்பரில் தொடங்கப்பட்டது. சான்றிதழ் கிடைத்ததும், அதை வைத்து மற்ற ஆவணங்களை மாற்றக் கோரினால், சம்பந்தப்பட்ட அலுவலகம் 15 நாள்களுக்குள் மாற்றித்தர வேண்டும். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பள்ளி மற்றும் கல்லூரிச் சான்றிதழ்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

இப்போது காலண்டரைப் பாருங்கள். 2024-ல் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது மே 6. அரசுக் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கான விண்ணப்பப் பதிவும் அன்றே தொடங்கியது. கடைசி நாள் மே 20 என்று அறிவித்து, பிறகு சில நாள் நீட்டித்தார்கள். அடையாளச் சான்றிதழுக்கு 30 நாள், அதன் பிறகு ஒவ்வொரு ஆவணத்துக்கும் 15 நாள். எந்த அலுவலகமும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வேலை செய்தாலும், ரிசல்ட் வந்த பிறகு விண்ணப்பித்தவருக்கு அந்த ஆண்டு சேர்க்கைக்குள் எல்லா ஆவணமும் ஒரே பெயரில் கையில் வராது.

நடைமுறையில் தாமதம் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆதாரை மாற்றினால் மார்க் ஷீட்டோடு பொருந்தாது. மார்க் ஷீட்டை மாற்றப் போனால், ‘முதல்ல பத்தாம் வகுப்பு சர்டிஃபிகேட்டை மாத்திட்டு வாங்க’ என்பார்கள். பொறியியல் படித்து முடித்த ஒரு திருநம்பி, தன் கல்விச் சான்றிதழ்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்றக் கேட்டு 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. எல்லோராலும் ஒரு மார்க் ஷீட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போக முடியாது.

அப்பா கையெழுத்து இல்லாமல் அட்மிஷன் உண்டா?

கல்லூரிச் சேர்க்கை என்பது பாதி, குடும்பத்தை வைத்தே நடக்கும் காரியம். வருமானச் சான்றிதழ் குடும்பத்தின் பெயரில் வாங்க வேண்டும். முதல் பட்டதாரிச் சலுகைக்கும் குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்று காட்ட வேண்டும். சாதிச் சான்றிதழ் பெற்றோர் வழியில் வருவது. ராகிங் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழியில்கூட மாணவரோடு பெற்றோரும் கையெழுத்திட வேண்டும்.

வீட்டை விட்டு வெளியேறிய, அல்லது வெளியேற்றப்பட்ட ஒருவரிடம் ரேஷன் கார்டு நகல் கேட்டால் எங்கே போவார்? கட்டணமே இல்லை என்றாலும், கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கும் காகிதம் அப்பாவின் அலமாரியில் இருக்கிறது.

திருநம்பிகளின் நிலை இன்னும் கொஞ்சம் கடினம். ‘பொண்ணு’ என்று வளர்க்கப்பட்டவர் வீட்டை விட்டு வெளியே வருவதே போராட்டம். படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து வைக்கும் ஆபத்து ஒரு பக்கம். மகளிர் கல்லூரியில் மட்டும்தான் சேர்ப்போம் என்ற நிபந்தனை இன்னொரு பக்கம். திருநங்கையர்களைப் பற்றியாவது அவ்வப்போது செய்தி வரும். திருநம்பிகள் பெரும்பாலும் செய்தியிலும் இல்லை.

உள்ளே வந்த பிறகு?

சீட் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே மூன்று கேள்விகள் காத்திருக்கும். எந்த விடுதி? எந்தக் கழிவறை? என்ன பெயரில் கூப்பிடுவார்கள்?

ஆண்கள் விடுதியில் திருநங்கைக்குப் பாதுகாப்பு இல்லை. பெண்கள் விடுதியில் ‘மற்ற பெற்றோர் ஒத்துக்க மாட்டாங்க’ என்று சொல்லிவிடுவார்கள். வெளியே வீடு தேடினால், ‘உங்களுக்கு வீடு கிடையாது’ என்ற பதில் அதற்கு முன்பே தயாராக இருக்கும். பொதுக் கழிவறை இல்லாத வளாகத்தில், காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் ஒரே தீர்வாகிப் போகிறது. இது உடம்பையே கெடுக்கும் விஷயம்.

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை என்று அறியப்படுபவர் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு. பள்ளியில் மற்ற மாணவர்கள் வந்த பிறகுதான் உள்ளே வர வேண்டும், அவர்கள் கிளம்புவதற்கு முன் போய்விட வேண்டும் என்று தன்னை ஒதுக்கி வைத்ததைப் பொதுவெளியில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய வளர்ப்பு மகள் தாரிகா பானு 2017-ல் சித்த மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தார். குறைந்தபட்ச மதிப்பெண் இல்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே இடம் கிடைத்தது.

வேலைவாய்ப்பிலும் இதே கதைதான். காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு பிரித்திகா யாஷினி போட்ட விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. ஆண், பெண் தவிர வேறு பிரிவு அந்தப் படிவத்தில் இல்லை. அவரும் நீதிமன்றம் போய்த்தான் வென்றார். ‘முதல் திருநங்கை பொறியாளர்’, ‘முதல் திருநங்கை மருத்துவ மாணவி’, ‘முதல் திருநங்கை எஸ்.ஐ.’ என்று ஊடகங்கள் கொண்டாடும் தலைப்புகளில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு வழக்கு எண் இருக்கிறது. இது பெருமைப்பட வேண்டிய விஷயமா, வெட்கப்பட வேண்டிய விஷயமா?

அரசு என்ன தருகிறது?

பாராட்ட வேண்டியதைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். திருநருக்கான நலவாரியத்தை 2008-லேயே தொடங்கிய மாநிலம் தமிழ்நாடு. உயர்கல்வி படிக்க விரும்பும் மூன்றாம் பாலினத்தவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உள்ளிட்ட செலவுகளை நலவாரியம் மூலம் அரசே ஏற்கும் என்று 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை திருநர் மாணவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலை 31-ல் திருநருக்கான தனி மாநிலக் கொள்கையும் வெளியானது.

மத்திய அரசின் ‘ஸ்மைல்’ திட்டத்தில் 9-ம் வகுப்பு முதல் முதுநிலை வரை படிக்கும் திருநர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய் உதவித்தொகை உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) 2017-லேயே திருநருக்குக் கட்டண விலக்கு அறிவித்தது. கேரளா 2018-ல், பல்கலைக்கழகங்களிலும் இணைப்புக் கலை, அறிவியல் கல்லூரிகளிலும் ஒவ்வொரு படிப்புக்கும் திருநருக்கென இரண்டு கூடுதல் இடங்களை ஒதுக்கியது.

இட ஒதுக்கீட்டில் என்ன குழப்பம்?

2015-ல் தமிழ்நாடு அரசு திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் (எம்.பி.சி.) பட்டியலில் கொண்டுவந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் பாலினம் வேறு, சாதி வேறு. ஒரு தலித் திருநங்கை எஸ்.சி. பிரிவில் விண்ணப்பித்தால், திருநர் என்பதற்காகத் தனியாக எதுவும் கிடைக்காது. ஏற்கெனவே எம்.பி.சி. பிரிவில் பிறந்த திருநங்கைக்கும் புதிதாக எதுவும் இல்லை. அவர் தன் சாதியின் மற்ற மாணவர்களோடு அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அதனால்தான் திருநர் அமைப்புகள் ‘கிடைமட்ட இட ஒதுக்கீடு’ கேட்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு இருப்பதுபோல, எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி., பொது என ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநருக்கு ஒரு பங்கு. 2021-ல் கர்நாடகா அரசு வேலைகளில் 1 சதவீதம் இப்படி ஒதுக்கியது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும், பாலினத்தைச் சாதிபோலக் கருதுவது சரியல்ல என்று சொல்லி, கிடைமட்ட இட ஒதுக்கீடு வழங்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது.

கேலி செய்தால் எங்கே புகார் கொடுப்பது?

பல மாணவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இது. யுஜிசி 2016-ல் ராகிங் தடுப்பு விதிகளைத் திருத்தியது. பாலினம் (திருநர் என்பதும் இதில் அடங்கும்), பாலின ஈர்ப்பு, தோற்றம் ஆகியவற்றை வைத்து ஒருவரை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதும், ஒதுக்கி வைப்பதும் ராகிங்தான் என்று அது தெளிவுபடுத்தியது. ‘சும்மா கலாய்ச்சோம் சார்’ என்ற பதில் இங்கே செல்லாது. தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

கல்லூரிகள் இப்போதே என்ன செய்யலாம்?

இட ஒதுக்கீட்டுக்கு அரசாணை வேண்டும். விடுதி கட்டப் பணம் வேண்டும். ஆனால் ஒரு பைசா செலவில்லாமல், வரும் ஜூன் மாதமே செய்யக்கூடிய காரியங்கள் உண்டு.

ஒன்று, ஆவணங்கள் பொருந்தவில்லை என்பதற்காகச் சேர்க்கையை நிறுத்தக் கூடாது. ஃபீஸ் ரசீது, ஒரிஜினல் டி.சி. போன்றவற்றைப் பிறகு கொண்டுவரப் பல மாணவர்களுக்கு அவகாசம் தரும் கல்லூரிகள், பெயர் மாற்றத்துக்கும் அதே அவகாசத்தைத் தரலாம். படிப்பு முடிவதற்குள் ஆவணங்களைச் சரிசெய்து கொடுத்தால் போதும் என்று தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு, பதிவேட்டில் எந்தப் பெயர் இருந்தாலும், வகுப்பில் கூப்பிடும் பெயரும் அடையாள அட்டையில் அச்சிடும் பெயரும் மாணவர் கேட்கும் பெயராக இருக்கலாம். ஒரு பேராசிரியர் சரியான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே வகுப்பின் பாதிச் சிரிப்பு அடங்கிவிடும்.

மூன்று, இருக்கும் கழிவறைகளில் ஒன்றை எல்லோருக்குமானதாக மாற்றப் புதுக் கட்டடம் தேவையில்லை. கதவில் ஒரு பலகையை மாற்றினால் போதும்.

நான்கு, குடும்பத்தின் ஆதரவு இல்லாத மாணவரிடம் பெற்றோர் கையெழுத்தையும் குடும்ப வருமானச் சான்றிதழையும் வற்புறுத்தக் கூடாது. நலவாரிய அட்டையையோ மாவட்டச் சமூக நல அலுவலரின் கடிதத்தையோ அதற்குப் பதிலாக ஏற்கலாம். இதற்கு உயர்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொருந்திவிடும்.

ஐந்து, பள்ளியிலேயே தொடங்க வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும்போதே ஒரு ஆசிரியரிடம் நம்பிப் பேச முடிந்தால், 18 வயது முடியும் நாளில் விண்ணப்பம் தயாராக இருக்கும். ரிசல்ட் வந்த பிறகு ஓட வேண்டியதில்லை.

அறிவிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. அரசு ஏற்கும் கட்டணம், கல்லூரிக்குள் கால் வைத்தவருக்குத்தான் உதவும். கால் வைக்கவே விடாத காகிதங்களைச் சரிசெய்யாமல் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்வது, பூட்டிய வீட்டுக்கு வாடகை வேண்டாம் என்று சொல்வதுபோலத்தான்.

அடுத்த பிளஸ் டூ ரிசல்ட்டிலும் அந்தப் பெட்டிச் செய்தி வரும். அதில் ‘ஒருவர்’ என்று இருந்தால், வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. மற்றவர்கள் எந்தப் பெயரில், எந்த வரிசையில் உட்கார்ந்து தேர்வு எழுதினார்கள் என்று அரசும் பள்ளிகளும் பெற்றோரும் கேட்டுக்கொள்ள வேண்டிய நாள் அது.